கறளையும் காட்டி விற்போம்

இங்கிலாந்திலிருக்கும் நானா ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தார்: 'ரிலையன்ட் சிமிட்டர் ஜிடிஇ விற்பனைக்கு'. 1968 இல் வெளிவந்த மொடல். 3 லீற்றர் வி6 எஞ்சின். ஸ்போர்ட்ஸ் கார் போல ஓடும், எஸ்டேட் கார் போலச் சாமானும் ஏற்றும். இளவரசி ஆன் விரும்பி ஓட்டிய ரகம். பொடி ஃபைபர்கிளாஸ், கறள் பிடிக்காது. அடியிலுள்ள இரும்புச் சட்டத்தில் பிடிக்கும். விற்பவர் அந்தக் கறளைத்தான் முதல் படமாகப் போட்டிருந்தார்.

எங்களுக்குச் சுருக்கென்றது. வாப்பாவின் மொரிஸ் மைனரை நாங்களும் விற்கப் போட்டிருந்தோம், அடிக்கறளுக்கு மேல் கறுப்புப் பெயின்ட் பூசி.

"வாப்பா இருந்தா இப்பிடி வித்திருப்பாரா?" உம்மா கேட்டா.

விளம்பரத்தைத் திருத்தினோம். கேட்டவர்களில் இருவர் விலகிவிட்டார்கள். மூன்றாமவர் நாளை பார்க்க வருகிறார். அவருக்குக் கறளைத்தான் முதலில் காட்டுவோம், உறவுகளே.