காற்றை வைத்து எண்ணெய் எடுப்பவர்கள்!

நார்வே என்று ஒரு தேசம். குளிர் அதிகம், ஜனம் குறைவு, பணம் ஏராளம். எல்லாம் கடலுக்கடியில் கிடைத்த எண்ணெய் செய்த உபயம். அந்த எண்ணெய் மேடைகளுக்குப் பக்கத்தில் இப்போது பதினோரு காற்றாலைகளை மிதக்க விட்டிருக்கிறார்கள். பெயர், ஹைவிண்ட் டாம்பன். திறன் 88 மெகாவாட். 2022 நவம்பரில் கரெண்ட் வர ஆரம்பித்தது. ஐந்து எண்ணெய் மேடைகளுக்குத் தேவையான மின்சாரத்தில் சுமார் 35 சதவீதம் காற்றிலிருந்தே!

அதாவது, புகையில்லாத காற்றை வைத்துப் புகையப் போகிற எண்ணெயை உறிஞ்சுகிறார்கள்.

மீஞ்சூரிலிருந்து சென்னைக்குப் போகும் காலை எலெக்ட்ரிக் ட்ரெயினில் இதைச் சொன்னேன். எங்கள் கோஷ்டியில் ஸ்டோர்ஸ் நண்பர் ஒருத்தர் உண்டு. பட்டென்று சொன்னார்: "டாஸ்மாக்குக்கு நடந்தே போறேன், உடம்புக்கு நல்லதுங்கற மாதிரி இருக்கு சார்!"

ஆடிட் நண்பர் விடவில்லை. "எண்ணெயை யார் வாங்கறது? நீங்களும் நானும்தானே? பைக்குக்கு பெட்ரோல் போட்டுக்கிட்டு எடுக்கறவனைத் திட்டினா எப்படி? அவன் எடுக்கும்போதாவது புகையைக் குறைக்கறான். வருஷத்துக்கு ரெண்டு லட்சம் டன் கரியமில வாயு மிச்சம்னு சொல்றாங்களே, அது சும்மாவா?"

சும்மா இல்லைதான். ஆனால் ஒரு பீப்பாய் எண்ணெயால் வரும் மொத்தப் புகையில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு, அதை எரிக்கும்போதுதான் வருகிறது. எடுக்கும் இடத்தில் விளக்குமாறு போட்டுக் கூட்டினால் மீதி ஒரு பங்கில் கொஞ்சம் குறையும், அவ்வளவே. நார்வேயில் இன்று விற்கும் புதுக் கார்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் பேட்டரி கார். அவர்கள் ஊர் சுத்தம். எண்ணெய் மட்டும் அடுத்த ஊருக்கு!

அதற்குள் நந்தியம்பாக்கம் தாண்டி அத்திப்பட்டு. புகைபோக்கிகள் தெரிய ஆரம்பித்துவிட்டன. வல்லூர் அனல்மின் நிலையம் மட்டுமே 1,500 மெகாவாட். வடசென்னை அனல்மின் நிலையம் தனி. ஒடிசாவில் தோண்டிய நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி எண்ணூரில் இறங்குகிறது. அதைத் தோண்டும் கோல் இந்தியாவும் இப்போது சோலார் பேனல் பதிக்கிறது. பேனல் அங்கே, புகைபோக்கி இங்கே. நாங்கள் உட்கார்ந்து வாதாடிக்கொண்டு போன ரயிலும் கரெண்டில்தான் ஓடுகிறது என்பதை ஸ்டோர்ஸ் நண்பர் ஞாபகப்படுத்தவில்லை. நானும் கிளறவில்லை.

ஒடிசா எதற்கு, நம்ம நெய்வேலியே இருக்கிறது. அங்கே மண்ணை வெட்டும் ராட்சசச் சக்கர இயந்திரங்கள் ஓடுவது மின்சாரத்தில். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுத் தண்ணீரை இரவு பகலாக பம்ப் போட்டு இறைத்தால்தான் சுரங்கம் முழுகாமல் இருக்கும். அதற்கும் மின்சாரம். கரியைத் தோண்டக் கரியை எரிக்க வேண்டும்! அந்த நிறுவனம் சூரிய மின்சாரத்தில் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பாராட்டலாம். (அதில் பெரும்பகுதி மின்வாரியத்துக்கு விற்பதற்கு.) அதே நிறுவனத்தின் சுரங்க விரிவாக்கத்துக்காக 2023 ஜூலையில் வளையமாதேவியில், பயிர் நின்ற வயலுக்குள் பொக்லைன் இறங்கியதையும் பார்த்தோம். பயிர் வைத்தவரிடம் போய் சோலார் கணக்கைச் சொல்ல முடியுமா?

"வாங்குகிறவன் இருப்பதால் தோண்டுகிறோம்" என்பது தோண்டுகிறவருக்கு ரொம்ப சௌகரியமான பதில். என்னைக் கேட்டால், எத்தனை பேனல் பதித்தீர்கள் என்பது இரண்டாவது கேள்வி. போன வருஷத்தைவிட இந்த வருஷம் எத்தனை டன் குறைவாகத் தோண்டினீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

ஆடிட் நண்பர் கட்சியும் அடியோடு தப்பில்லை. பழைய ஒன்றரை டன் ஏஸி ஒரு மணி நேரம் முழுசாக ஓடினால் சுமார் ஒன்றரை யூனிட். ஏறக்குறைய ஒரு கிலோ நிலக்கரி. ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் கட்டிலுக்கடியில் எட்டு கிலோ கரி!

எங்கள் எதிர்வீட்டுக்காரர் 78,000 ரூபாய் மானியம் வாங்கி மொட்டைமாடியில் மூன்று கிலோவாட் சோலார் போட்டார். பில் பாதிக்கு மேல் குறைந்தது. அடுத்த மாசமே இரண்டாவது ஏஸி. "ஃப்ரீ கரெண்ட்தானே சார்" என்றார்.

"ராத்திரி பத்து மணிக்கு சூரியன் ஏது சார்?" என்று கேட்டேன்.

"அதான் பகல்ல நிறைய குடுத்துடறோமே! மீட்டர்ல கழிச்சுக்குவாங்க."

மீட்டரில் கழியும். வல்லூரில்? கேட்பதற்குள் அவர் பையன் ரூமுக்கு மூன்றாவது ஏஸி எந்த பிராண்டு நல்லது என்று என்னிடமே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.