இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரு நோர்வே விவரணப்படமும்

கடந்த மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் நிலாவெளி. திருகோணமலை நகரிலிருந்து வடக்கே பதினைந்து கிலோமீற்றர் தொலைவு. உல்லாசப் பயணிகளுக்கு அது புறாமலைக்குப் படகேறும் கரை. எங்களுக்கு உப்பளமும், பனைகளும், இறக்கக்கண்டிப் பாலமும், அக்கா இன்னமும் தனியாகக் காவல் காக்கும் எங்கள் வளவும்.

சந்தித் தேநீர்க் கடையில் ஒருவர் கைத்தொலைபேசியில் வந்த ஒரு காணொளியை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். பாடசாலைச் சீருடையில் இரண்டு பெண்பிள்ளைகள். ஒருத்தி மற்றவளின் பின்னலைப் பிடித்து நிலத்தோடு இழுக்கிறாள். சுற்றிவர நிற்பவர்களும் பெண்பிள்ளைகள்தாம். விலக்குவார் இல்லை, படம் பிடிப்பவர்களே அதிகம். எந்த ஊர், எந்தப் பாடசாலை என்று கடையில் எவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆவலும் இல்லை.

"பொம்பிளைப் பிள்ளையளே இப்பிடி அடிபடுறது? எங்கட காலத்தில இதைக் கண்டிருக்கிறமா?" என்றார் என்னிலும் ஐந்தாறு வயது மூத்த ஒருவர்.

நான் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். சமாதான காலத்தில் அவருடைய வீட்டு மதிலில் துப்பாக்கி ஏந்திய பெண்ணொருத்தியின் சுவரொட்டி ஒட்டியிருந்தது எனக்கு நினைவிருந்தது. அந்தப் பெண்ணுக்கு மிஞ்சினால் பத்தொன்பது வயது இருக்கும். அதை வன்முறை என்று அன்று அவரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை.

அன்றிரவு முழுவதும் நோர்வே நாட்டு நெறியாளர் பெயாத்தே ஆர்னெஸ்தாத் எடுத்த விவரணப்படம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. 'என் மகள் ஒரு பயங்கரவாதி' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 2007 இல் வெளிவந்தது. ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான படம். சிறிய குழுவொன்று வன்னிக்குப் போய் எடுத்தது. பின்னர் 2012 இல், நாட்டைவிட்டு ஓடிய இலங்கைப் பத்திரிகையாளர்களைப் பற்றியும் இதே நெறியாளர் ஒரு படம் எடுத்தார் என்பதால், எங்கள் தொழிலில் உள்ளவர்கள் பலருக்கு அவர் பெயர் பரிச்சயம்.

நான் முதலில் பார்த்தது 2008 இல், ஐரோப்பாவில் ஓர் உறவினர் வீட்டில், இறுவட்டில். படத்தில் இரண்டு பெண்கள் வருகிறார்கள். கரும்புலிகள். இருவருக்கும் 24 வயது. ஏழு ஆண்டுகளாக ஒன்றாகவே உண்டு, உறங்கி, சண்டைக்குப் போய் வருபவர்கள். அவர்களுள் ஒருத்தி சிறுவயதில் கன்னியாஸ்திரியாக வேண்டுமென்று ஆசைப்பட்டவள். மகள் போன பின் வீட்டில் எஞ்சியிருக்கும் அவளுடைய தாயும் பேசுகிறாள். படம் முடிந்ததும் அந்த வீட்டில் பெரிய வாக்குவாதம் எழுந்தது. தலைப்பே எங்களை அவமதிக்கிறது என்றார் ஒருவர். இது புலிகளின் பிரசாரப் படம், வெள்ளைக்காரி ஏமாந்துவிட்டாள் என்றார் மற்றவர். நான் வழக்கம்போல இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டினேன். பத்திரிகைத் தொழில் கற்றுத் தரும் கெட்ட பழக்கங்களுள் இதுவும் ஒன்று.

ஒரு சின்னக் கணக்கு அன்று எங்கள் எவருக்கும் தோன்றவில்லை. 24 இலிருந்து ஏழைக் கழித்தால் 17. அந்த இரண்டு பேரும் இணைபிரியாத் தோழிகளானது பதினேழு வயதில். க.பொ.த. உயர்தரம் படிக்கும் வயது. நாம் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டு பெண்களை. படம் பேசிக்கொண்டிருந்தது இரண்டு பிள்ளைகளைப் பற்றி.

படத்தில் குறையும் இருக்கிறது. இயக்கத்தின் அனுமதியின்றி அன்று வன்னிக்குள் எந்தக் கமெராவும் அசைய முடியாது. ஆகவே அந்த இருவரும் சொல்லும் பதில்கள் பல இடங்களில் மனப்பாடம் செய்தவைபோல ஒலிக்கின்றன. தலைமை, தியாகம், மக்கள் என்று சொற்கள் வரிசை தவறாமல் வருகின்றன. ஆனால் அவர்கள் பேசாமல் இருக்கும்போது, ஒருத்தியின் பக்கத்தில் மற்றவள் சும்மா இருக்கும் அந்த இருப்பில், கமெரா வேறொன்றைக் காண்கிறது. எனக்குப் படத்தின் பெறுமதி அங்கேதான்.

சந்தோஷ் சிவன் 1998 இல் எடுத்த 'தி ரெரறிஸ்ற்' படத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மிகச் சிறிய முதலீட்டில், குறுகிய காலத்தில் எடுத்த தமிழ்ப்படம். ஜோன் மல்கோவிச் தம் பெயரைக் கொடுத்து அதை அமெரிக்காவில் திரையிட உதவினார். அதில் வரும் மல்லிக்கு 19 வயது. மாலையிடும் சாட்டில் ஒரு தலைவரைக் கொல்ல அனுப்பப்படுகிறாள். ஆயிஷா தார்க்கரின் முகத்தை விட்டுக் கமெரா நகராது. மழையும் இலையும் கண்ணும் அத்தனை அழகு. எனக்கு அந்த அழகே உறுத்தியது. அவள் தயங்குவதற்கு ஒரு கருப்பம் தேவைப்படுகிறது என்பது அதைவிட உறுத்தியது. தாயாகப்போகிறவள் என்றால்தான் ஒரு பெண்பிள்ளை கொல்லத் தயங்குவாளா? பத்தொன்பது வயது என்பது மட்டும் போதாதா?

இந்த இரண்டு படங்களிலும் பெண்பிள்ளைக்கு எதிரே நிற்பவர்கள் தலைவர்கள், படையினர், அரசு. பெண்பிள்ளைக்கு எதிரே இன்னொரு பெண்பிள்ளை நின்ற இடத்தை நான் பார்த்த எந்தப் படமும் காட்டவில்லை. அந்த இடம் எங்கள் மாவட்டத்தின் தெற்கு எல்லையில் இருக்கிறது. வெருகல்.

2004 மார்ச் மாதம் கருணா வன்னித் தலைமையிலிருந்து பிரிந்தார். ஏப்பிரல் 9 ஆம் திகதி, பெரிய வெள்ளி அன்று, வன்னி அணி வெருகல் ஆற்றைக் கடந்து தாக்கியது. சில நாட்களில் எல்லாம் முடிந்துவிட்டது. கருணா தம் அணியினரை வீட்டுக்குப் போகச் சொன்னார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோரிடம் திரும்பினர். பலர் பதினெட்டு வயதை எட்டாதவர்கள், அவர்களுள் பெண்பிள்ளைகளும் கணிசம். ஆற்றின் இரண்டு பக்கத்திலும் தமிழ்ப் பிள்ளைகள். ஒரே பாடப்புத்தகத்தைப் படித்தவர்கள். வீட்டுக்குத் திரும்பியவர்களை வன்னி அணி மறுபடியும் கூப்பிடத் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் இதைப்பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

அந்த ஏப்பிரல் முடியுமுன் எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மம்மாவின் வீட்டுக்கு ஒரு பேத்தி வந்து சேர்ந்தாள். வாகரைப் பக்கத்துப் பிள்ளை. பதினாறு வயது. 'வீட்டுக்கு ஒரு பிள்ளை' என்று கேட்டு வந்தபோது அண்ணனைக் காப்பாற்ற இவளைக் கொடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. திரும்பப் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில், இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த நிலாவெளிக்கு அனுப்பியிருந்தார்கள். வெளியே வரும்போதெல்லாம் தலையில் ஒரு துணி. புதிதாகச் சேரும் பிள்ளைகளின் முடியை ஒட்ட நறுக்கிவிடுவார்கள். ஆகவே வீடு திரும்பிய பிள்ளையைக் காட்டிக் கொடுப்பது முடிதான். முடி வளரும் வரை வெளியே விடாதே என்று தாய்மார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட காலம் அது. அந்த அம்மம்மா தினமும் அவளுடைய தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்ததை வேலிக்கு மேலால் நான் பார்த்திருக்கிறேன்.

அக்கா அப்போது வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இவளும் வந்தாள். சாதாரண தரம் எழுத வேண்டுமாம். அதே வாங்கில் எங்கள் ஊர்ப் பிள்ளையொருத்தியும் இருந்தாள். அவளுடைய தமக்கை வன்னி அணியில் இருந்தவள். வெருகலுக்குப் பிறகு அந்தத் தமக்கையைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை.

மே மாதத்தில் ஒருநாள் விடுமுறையில் நான் வீட்டில் இருந்தபோது அது நடந்தது. எப்படித் தொடங்கியது என்று காணவில்லை. சத்தம் கேட்டு வெளியே வந்தால், ஊர்ப் பிள்ளை மற்றவளின் தலைத்துணியை இழுத்து எறிந்துவிட்டு, "எங்கட அக்காவை ஆரடி சுட்டது?" என்று கத்திக்கொண்டிருந்தாள். அடுத்த கணம் அவள் நிலத்தில் கிடந்தாள். மார்பில் முழங்கால், கழுத்தில் கை. அந்தப் பிடியைக் கண்டு என் உடல் சில்லிட்டது. பள்ளிப்பிள்ளைகள் சண்டை பிடிக்கும்போது கைகள் எங்கே போவதென்று தெரியாமல் அலையும். இந்தக் கை அலையவில்லை. அது எங்கே போக வேண்டுமோ அங்கே போயிருந்தது. முகத்தில் கோபமும் இல்லை.

முப்பதுகளில் இருந்த ஆண்மகன் நான், அசையவில்லை. அக்கா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தார். அவர் தொடுமுன்னரே அவள் கையை எடுத்துவிட்டாள். எடுத்த கையைச் சட்டையில் துடைத்தாள்.

பின்னேரம் எல்லோரும் போன பிறகு அவள் அம்மம்மாவுக்காகப் படியில் காத்திருந்தாள். ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக நான் அவளுடைய படிப்பைப் பற்றிக் கேட்டேன். அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை.

"மாமா, ஆத்துக்கு அங்கால நிண்டதும் பிள்ளையள்தான். கத்தின குரல்ல தெரிஞ்சுது."

வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கொழும்பு திரும்பி நான் எழுதிய செய்தி நான்கு பந்தி. இத்தனை பிள்ளைகள் பெற்றோரிடம் சேர்ந்தனர், யுனிசெப் கவலை, இரு தரப்பும் மறுப்பு. அவள் சொன்ன வசனம் அதில் இல்லை. அந்த மே 31 ஆம் திகதி மட்டக்களப்பில் சக பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 ஜனவரியில் திருகோணமலையில் சுகிர்தராஜன். அச்சம் நியாயமானது. ஆனாலும் என் செய்தி நடேசன் இறப்பதற்கு முன்பே அச்சாகிவிட்டது. அச்சத்தால்தான் அந்த வசனத்தை விட்டேன் என்று என்னால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. அதை வைக்க எனக்கு ஓர் இடம் தெரியவில்லை என்பதே உண்மைக்குக் கிட்டிய காரணம். எங்கள் மேசையில் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு சொற்களே இருந்தன: போராளி, பாதிக்கப்பட்டவர். இவள் இரண்டிலும் அடங்கவில்லை.

2006 ஓகஸ்ட் 14 இல் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின்மீது விமானப்படை குண்டு வீசி ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகள் இறந்தபோதும் இதே சொற்களுக்காகத்தான் அடிபட்டோம். மாணவிகள் என்றது ஒரு பக்கம். பயிற்சி பெற்ற புலிகள் என்றது அரசு. அங்கே படையினர் எவரும் இருந்ததற்கான சான்றைக் காணவில்லை என்று கண்காணிப்புக் குழுவினர் சொன்னார்கள். நாங்கள் தலைப்புக்கு ஒரு பெயர்ச்சொல்லைத் தேடிக்கொண்டிருந்தோம். போர் முடிந்த பிறகு அரசின் புனர்வாழ்வுக்குள் போனவர்கள் ஏறத்தாழ 12,000 பேர்; அவர்களுள் 594 பேர் சிறுவர் என்பது அரசின் கணக்கு. அதற்கு முன்பே வீடு திரும்பி, தலையில் துணியோடு விறாந்தைகளில் கணிதம் படித்தவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016 இல் வந்தபோது, இனி உள்ளே இருந்த பெண்கள் எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சிலர் எழுதினார்கள். அந்தப் புத்தகத்தைப் படிக்காமலே ஏசியவர்களைப் பார்த்த பிறகு, வாகரைப் பிள்ளையொருத்தி வாய் திறப்பாள் என்ற நம்பிக்கை எனக்குக் குறைந்துவிட்டது. பெயாத்தே ஆர்னெஸ்தாத்தின் கமெரா அந்த ஏப்பிரலில் ஆற்றங்கரையில் இருந்திருந்தால் என்று சில வேளை எண்ணுவதுண்டு. யார் அனுமதி கொடுத்திருப்பார்கள்? ஆற்றின் இரு கரையிலும் எவரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

சுனாமியில் அந்த அம்மம்மாவின் வீடு போனது. அவர் தப்பினார், ஓராண்டில் நோயில் இறந்தார். பேத்தி சாதாரண தரம் எழுதினாளா என்று தெரியாது. சில ஆண்டுகளின் பின் வீட்டுவேலைக்காகக் குவைத் போனாள் என்று அக்கா சொன்னார். மற்றவள் ஊரிலேயே இருக்கிறாள். மூன்று பிள்ளைகளின் தாய். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். தமக்கையின் படம் வீட்டுச் சுவரில் மாலையில்லாமல் தொங்குகிறது.

தேநீர்க் கடையிலிருந்து வந்த அன்று, அந்தக் காணொளியைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். பிறகு, இத்தனை ஆண்டுகளில் முதல் தடவையாக, அன்றைய சண்டைக்குப் பின் அந்த இரண்டு பிள்ளைகளிடமும் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். நான் மரம்போல நின்றுவிட்டு வெளியே போய்விட்டதால் எனக்கு அது தெரியாது.

"என்னத்தைச் சொல்லுறது தம்பி? அடுப்பில கஞ்சி கிடந்தது. ஒருத்தியை வாங்கிண்ட இந்தத் தொங்கல்ல இருத்தினன், மற்றவளை அந்தத் தொங்கல்ல இருத்தினன். நடுவில சின்னப் பிள்ளையள் இருந்ததுகள். மிச்சக் கணக்கைச் செய்விச்சன்."

"அடுத்த நாள் வந்தவையளா?"

"ரெண்டு பேரும் வந்தவையள்" என்றார் அக்கா.