நான் திறக்காத பைனரி லாக்

ஒரு சீட்டுக் கம்பெனியின் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் அப்போது என் பொறுப்பில் இருந்தது. மவுஸைப் பிடித்துக்கொண்டு டேபிள் பார்ப்பவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். நானோ கறுப்புத் திரையில், ரூட்டாக நுழைந்து, லைவ் சர்வரிலேயே கை வைப்பவன். 'வேர்' நிபந்தனை இல்லாத அப்டேட்டைத் தடுக்க மைஎஸ்க்யூஎல்லின் கட்டளைவரிக் கிளையன்ட்டிலேயே 'சேஃப் அப்டேட்ஸ்' என்றொரு வசதி உண்டு. 'ஐ ஆம் எ டம்மி' என்று அதற்கு இன்னொரு பெயர். அதைப் போட்டுக்கொள்ள எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

உறுப்பினரான ஓர் அம்மாவின் கைப்பேசி எண்ணை மாற்ற வேண்டியிருந்தது. செட் வரியில் புது எண்ணை அடித்தேன். வேர் அடுத்த வரியில் வர வேண்டும். அரைப்புள்ளி வைத்து என்டர் தட்டியே பழகிய விரல் அங்கேயே தட்டிவிட்டது. 'க்வெரி ஓகே, 18432 ரோஸ் அஃபெக்டெட்' என்றது திரை. முன்னதாக ஸ்டார்ட் டிரான்சாக்‌ஷன் போட்டிருந்தால் ஒரு ரோல்பேக்கில் தப்பியிருக்கலாம். போடவில்லை, மைஎஸ்க்யூஎல்லில் ஆட்டோகமிட்தான் வழக்கம்.

முந்தின இரவு டம்ப்பிலிருந்து எண்களை மீட்பதற்குள் தவணை நினைவூட்டல் எஸ்எம்எஸ் எல்லாம் அந்த ஒரே அம்மாவின் போனுக்குப் போய்க் குவிந்துவிட்டது. மேனேஜர் கேட்டார். "சர்வர்ல ஏதோ கோளாறு சார்" என்றேன். பிறகு ஹிஸ்டரி ஃபைலைத் திறந்து அந்த வரியை அழித்தேன்.

கை தவறியதை யாரும் மன்னித்திருப்பார்கள். அதற்குப் பின் செய்ததுதான் அயோக்கியத்தனம். அன்று காலையிலிருந்து பதிவான எண்கள் டம்ப்பில் இல்லை. ஆனால் பைனரி லாக்கில் இருந்தன. ரோ முறையில் எழுதும் லாக், ஒவ்வொரு வரிசையும் மாறுவதற்கு முன் இருந்த மதிப்பையும் சேர்த்தே வைத்திருக்கும். மைஎஸ்க்யூஎல்பின்லாக் கட்டளையால் படித்து எல்லாவற்றையும் மீட்டிருக்கலாம். படித்தால் ஒரே நொடியில், ஒரே அப்டேட்டில் டேபிள் முழுக்க மாறியதும் பக்கத்தில் நிற்பவர் கண்ணில் பட்டிருக்கும். கோளாறு என்ற கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வாயைத் திறக்கவில்லை. கவுன்டர் பெண்கள் ரசீதுக் கட்டைப் புரட்டி, ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து, மன்னிப்புக் கேட்டு எண் வாங்கினார்கள். பழைய லாக் 30 நாளில் தானாக அழியும்படி சர்வரில் வைத்திருந்தோம். அது அழியும்வரை, காலையில் வந்ததும் அந்த ஃபைல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை.