டிராகுலாவும் ஒரு தாத்தாவும்



சீசனுக்கு வந்திருக்கும் பேரன், ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த ராத்திரி, "ஆச்சி, பேய்ப்படம் பாப்போமா?" என்றான். டிவியில் போட்டது ‘டிராகுலா ஏ.டி. 1972’. இங்கிலாந்தின் ஹாமர் கம்பெனி எடுத்த டிராகுலா வரிசையில் ஒன்று. 1958-இல் வந்த முதல் படத்தை, கல்யாணமான புதிதில் சாரோடு திருநெல்வேலியில் பார்த்திருக்கிறேன். மறுபடி ஓட்டியிருந்தார்கள். பாதிப் படம் முந்தானைக்குள்தான்!

இந்தப் படம் அதற்கு உறை போடக் காணாது. நூறு வருஷம் கழித்து டிராகுலாவை லண்டனில் எழுப்புகிறார்கள். ஊரெல்லாம் காரும் பாட்டும் கூத்துமாக இருக்கிறது. அவரோ ஒரு பாழடைந்த சர்ச்சை விட்டு வெளியே கால் வைப்பதே இல்லை. பிறகு எதற்கு 1972? கிறிஸ்டோபர் லீ மாதிரி ஒரு நடிகருக்கு வசனமும் கொஞ்சம்தான். இன்னொரு கூத்து. வில்லன் பையன் பெயர் அலுகார்ட். ஆங்கிலத்தில் திருப்பி எழுதினால் டிராகுலா. இதைக் கண்டுபிடிக்க ஒரு புரொபசர் தாளில் எழுத்து எழுத்தாகக் கோடு போட்டுப் பார்க்கிறார். என்னிடம் ‘விகடகவி’ படித்த நீங்கள் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பீர்கள்.

ஆனாலும் எழுந்து போக மனசு வரவில்லை. அந்தப் புரொபசர், பீட்டர் குஷிங். முதல் படத்தில் மேஜை மேலே ஓடிப் பாய்ந்து, திரைச்சீலையைக் கிழித்து வெயிலை உள்ளே விட்டாரே, அவரேதான். இதில் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. பேரன் செல்லில் தேடிச் சொன்னான். 1971 ஜனவரியில் அவர் மனைவி ஹெலன் இறந்துவிட்டார். அதே வருஷம் கடைசியில்தான் படப்பிடிப்பு. கதாநாயகிக்கு அப்பா என்று எழுதிய வேஷத்தை, அவர் தோற்றத்தைப் பார்த்துத் தாத்தா என்று மாற்றிவிட்டார்கள். வயசு 58 தான்.

சார் போனபிறகு பென்ஷன் நேர்காணலுக்குப் போயிருந்தேன். புத்தகத்தில் நாங்கள் சேர்ந்து எடுத்த போட்டோ. அங்கிருந்த பெண் அதையும் என்னையும் இரண்டு தரம் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, பாவம்.

அந்த முகத்தோடுதான் குஷிங் பேத்தியைக் காப்பாற்ற ஓடுகிறார். மட்டமான வசனத்தையும் ஒரு சொல் விழுங்காமல் சொல்கிறார். ஏ.இ.ஓ. வரமாட்டார் என்று தெரிந்த நாளிலும் சார் பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்புக்குள் போனதில்லை. அந்த ஞாபகம்தான்.

படத்துக்கு நூற்றுக்கு 40. பாஸ் மார்க்குக்கு மேலே உள்ள ஐந்தும் குஷிங்குக்கு.

பேரன் பாதியில் தூங்கிவிட்டான். சத்தத்தைக் குறைத்து வைத்து முழுசும் பார்த்தேன். உங்களில் யாராவது அந்த முதல் படத்தைத் தியேட்டரில் பார்த்திருந்தால் எழுதுங்கள்.