அடிபம்புக்குள் இருக்கும் தோல்

வீட்டு அடிபம்பு வெளியே ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். உள்ளேயே ஒழுகினால் கைக்குத்தான் தெரியும். எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் ஏறாது. ஒவ்வொரு முறையும் மேலே ஒரு சொம்பு ஊற்றிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். காரணம் பெரும்பாலும் ஒரு தோல் வாஷர். கைப்பிடியை அழுத்தும்போது உள்ளே ஒரு கம்பி மேலேறுகிறது. அதன் அடியில் கிண்ணம்போல் வளைந்த தோல், உருளையின் சுவரை ஒட்டிக்கொண்டு தண்ணீரைத் தூக்குகிறது. தோல் தேய்ந்தால் தூக்கிய தண்ணீர் ஓரமாகக் கீழே இறங்கிவிடும்.

ஈரோடு மாவட்டத்தில் வாய்க்கால் ஓரம் உள்ள ஓர் அருந்ததியர் குடியிருப்பில் நாங்கள் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். பக்கத்து வீட்டு அடிபம்பு அப்படித்தான் பழுதானது. பொதுக்குழாயில் தண்ணீர் வராத நாட்களில் நான்கு குடும்பங்களுக்கு அந்தப் பம்புதான்.

பம்பு சரிசெய்பவரைத் தொலைபேசியில் அழைத்தோம். "எந்தப் பக்கங்க?" என்றார். தெருவைச் சொன்னோம். "அங்கெல்லாம் வர்றதில்லீங்க. கழட்டி எடுத்துட்டு வாங்க, பாத்துத் தர்றேன்" என்றார். அதே வாரம் ஊருக்குள் இரண்டு வீடுகளுக்கு அவரே நேரில் போய்ப் பம்பு சரிசெய்து கொடுத்திருந்தார்.

மாணவத் தோழர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்குச் செய்யும் வேலையைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்குச் செய்ய மறுப்பது, 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 6-ஆவது பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்த மறுப்புக்குத் தீண்டாமையே காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு. அது 12-ஆவது பிரிவு.

பம்பைச் சரிசெய்தது அந்த வீட்டுத் தாத்தா. எழுபதைத் தாண்டியவர். மோட்டார் வராத காலத்தில் ஊர்த் தோட்டங்களின் கவலைச் சாலுக்குத் தோல் வால் தைத்துக் கொடுத்தவர். மாடுகள் இழுக்க, கிணற்றுத் தண்ணீர் அந்தத் தோல் வழியாகத்தான் வயலுக்குக் கொட்டியது. அவர் தைத்த தோலில் வந்த தண்ணீரை ஊர் ஏற்றுக்கொண்டது. அந்தக் கிணற்றில் அவரை இறங்க விட்டதில்லை.

ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய பழைய தோல் துண்டு ஒன்று அவரிடம் இருந்தது. வட்டமாக வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, கிண்ண வடிவத்துக்கு அழுத்திக் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவினார். கல்லூரியில் படிக்கும் பேரனிடம் அதைப் பிடிக்கச் சொன்னார். அவன் கையை நீட்டவில்லை.

"ஏன் கண்ணு, இதைத் தொட்டா என்ன?"

"தொடறது தப்பில்ல தாத்தா. தொட்டா என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியும்."

பள்ளியில் அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தவன் அவன். தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, நீ போல்ட்டக் கழட்டு" என்றார். பேரன் ஸ்பேனரை எடுத்தான். தோலை நாங்கள் பிடித்தோம். அடி வால்வில் சிக்கியிருந்த மணலையும் கழுவிவிட்டுப் பூட்டியதும், இரண்டாவது அடியிலேயே தண்ணீர் வந்தது.

அவனுடைய மறுப்பைக் குறையாக நாங்கள் பார்க்கவில்லை. தாத்தாவின் கைத்திறன் பெருமைக்குரியது. அந்த வேலையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை என்பதும் உண்மை. பிறப்பை வைத்து வேலையை ஒருவர் தலையில் கட்டும் இடத்தில் விருப்பத்துக்கு இடமில்லை என்பதைத்தான் அண்ணல் அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார். "குலத்தொழிலில் என்ன கேவலம்?" என்று நம்மிடம் கேட்பவர்கள், தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தோலைக் கொடுப்பதில்லை. அறிவுக்கு மரியாதையும் கூலியும் வேண்டும்; அதை விட்டு வெளியேறும் உரிமையும் வேண்டும். நான்கு குடும்பங்களும் சேர்ந்து தாத்தாவுக்கு ஒரு நாள் கூலி கொடுத்தார்கள். அவர் வேண்டாம் என்றார். பேரன்தான் வாங்கிக்கொள்ளச் சொன்னான்.

1927 மார்ச் 20 அன்று மகாத்தில் சவுதார் குளத்து நீரை அம்பேத்கரும் தோழர்களும் அருந்தினார்கள். பிறகு சாதி இந்துக்கள் சாணமும் மாட்டு மூத்திரமும் பாலும் தயிரும் ஊற்றி அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். மாட்டு மூத்திரம் தீட்டைப் போக்குமாம், மாட்டுத் தோல் தீட்டை ஒட்டுமாம்! தோல் வாஷர் போட்ட அடிபம்பில் தண்ணீர் குடித்த எந்த வீட்டிலும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சாதி பார்த்தது தண்ணீரை அல்ல, மனிதரை.

பம்புக்காரர்மீது புகார் கொடுப்பதா என்று அந்தக் குடும்பங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்கு வேலை கொடுப்பது ஊர்த் தோட்டங்கள்தான். கூலி நின்றால் அடுப்பு நின்றுவிடும். முடிவு அவர்களுடையது. சட்டப் பிரிவுகளைத் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், கையெழுத்துப் போட்டால் கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறோம். உங்கள் பகுதியிலும் பம்பு, மின்சாரம், எரிவாயு என்று வீட்டு வேலைக்கு வருபவர்கள் எந்தத் தெரு வரை வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். தேதியும் நேரமும் சேர்த்து எழுதுங்கள். புகார் எழுதும் நாளில் அந்த நோட்டு உதவும்.