லெபனான் வீட்டில் ஒரு டின் எண்ணெய்

ஆலிவ் எண்ணெய் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பச்சைக் குழந்தைக்கு உடம்பில் தேய்ப்பதற்காகப் பாட்டி மருந்துக் கடையிலிருந்து வாங்கி வரச் சொன்ன சின்னச் சீசாதானே? அல்லது இந்தக் காலத்துப் பெரிய கடைகளில் யானை விலை சொல்லி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்களே, அதுவா? அந்த எண்ணெயைத் தகர டின்னில் நிரப்பி வைத்துக்கொண்டு வருஷம் பூராவும் தாராளமாகச் சமைக்கும் வீடுகள் உண்டு என்றால் நம்புவீர்களா?

வாருங்கள், நேயர்களே, அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குக் கற்பனையிலேயே போய் வரலாம். பாஸ்போர்ட்டு, விசா ஒன்றும் வேண்டாம். பசி இருந்தால் போதும்!

மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் இருக்கிறது லெபனான். மொத்தப் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர்தான். தலைநகர் பெய்ரூட்டிலிருந்து கடலோரமாக வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் போனால் திரிப்போலி நகரம். அதை எட்டுவதற்குச் சற்று முன்பே கடலை விட்டு விலகி மேட்டில் ஏறினால் கூரா என்ற பிரதேசம். பார்த்த இடமெல்லாம் ஆலிவ் மரம்! தமிழ் வேதாகமத்தில் 'ஒலிவ மரம்' என்று படித்திருப்பீர்களே, அதுதான். இங்கே 1157-ஆம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்ட பலமந்த் மடாலயத்தைச் சுற்றிலும்கூட ஆலிவ் தோப்புகள்தான்.

அரபு மொழியில் ஆலிவுக்கு 'ஸைத்தூன்' என்று பெயர், எண்ணெய்க்கு 'ஸைத்'. நாம் எள்ளின் நெய்யை எண்ணெய் என்று சொல்லி, பிறகு எல்லா எண்ணெய்க்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டோம் அல்லவா? அவர்கள் ஆலிவை வைத்துக்கொண்டு அதே காரியத்தைச் செய்திருக்கிறார்கள்!

அக்டோபர், நவம்பர் மாதங்கள் காய் பறிக்கும் காலம். மரத்தடியில் துணியை விரித்துவிட்டு, தாத்தா முதல் பேரன் வரை வீட்டோடு தோப்பில் இறங்கிவிடுவார்கள். பளபளவென்றிருக்கிறதே என்று ஒரு காயைப் பறித்து வாயில் போட்டுவிடாதீர்கள்! வேம்பு தோற்றது, அவ்வளவு கசப்பு. காயைத் தட்டி, பல நாள் தண்ணீரில் ஊற வைத்துக் கசப்பை இறக்கி, உப்பும் எலுமிச்சையும் சேர்த்த பிறகுதான் தின்னலாம். மீதிக் காயெல்லாம் மூட்டை மூட்டையாக ஆலைக்குப் போகும். நாலைந்து கிலோ காய் கொடுத்தால் சுமார் ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கும். கூலியை எண்ணெயாகவே எடுத்துக்கொள்ளும் ஆலைகளும் உண்டு. சுமார் 16 கிலோ பிடிக்கும் தகர டின்னில் நிரப்பி வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். நம் வீடுகளில் வருஷத்துக்கு இத்தனை மூட்டை நெல் என்று கணக்குப் பார்த்தார்களே, அதுபோல அங்கே இத்தனை டின் என்று கணக்கு.

இனி அடுப்படிக்குப் போவோம். அங்கே சமையலில் இரண்டு ஜாதி. மாமிசம் போட்டுச் சுடச்சுடச் சாப்பிடுவதற்கு 'ஸம்னே' என்கிற நெய். ஆறவைத்துச் சாப்பிடும் காய்கறிக்கு ஆலிவ் எண்ணெய். காரணம் மிகவும் எளிது. நெய் ஆறினால் உறைந்து வாயில் ஒட்டும், எண்ணெய் ஒட்டாது. இந்த இரண்டாவது ஜாதிக்கு 'பி ஸைத்' என்று பெயர், அதாவது 'எண்ணெயில் வைத்தது'. ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களில் மாமிசமும் பாலும் விலக்கான கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இதுதான் கைகொடுக்கும்.

லூபியே பி ஸைத் செய்யும் விதத்தைக் கேளுங்கள். அரை கிலோ பீன்ஸை நார் உரித்து ஒடித்துக்கொள்ளுங்கள். அரைக் கிண்ணம் ஆலிவ் எண்ணெயில் நறுக்கிய வெங்காயத்தை வதக்கி, ஏழெட்டுப் பூண்டுப் பற்களை முழுசாகவே போடுங்கள். பீன்ஸைச் சேர்த்து மூடி, பச்சை நிறம் மங்கும் வரை சிறு தீயில் விடுங்கள். பிறகு நாலு தக்காளியும் உப்பும். முக்கால் மணி நேரம் மெதுவாக வேகட்டும். மிளகாய் எங்கே, தாளிதம் எங்கே என்கிறீர்களா? ஒன்றும் கிடையாது. நன்றாக ஆறியதும் மெல்லிய ரொட்டியைக் கிழித்து, அதனாலேயே அள்ளிச் சாப்பிட வேண்டும். நம் வெண்டைக்காயையும் அவர்கள் இதே முறையில் செய்கிறார்கள்.

இன்னொன்று 'முஜத்தரா'. முழு மசூர்ப் பயறும் அரிசியும் சேர்த்து வேகவைத்து, ஆலிவ் எண்ணெயில் கருகக் கருக வதக்கிய வெங்காயத்தை மேலே போடுவது. அம்மைத் தழும்பு விழுந்தது என்று அந்தப் பெயருக்கு அர்த்தம்! அரிசிக்கு நடுவே பயறு தெரிவதைப் பார்த்து வைத்த பெயர். காலையிலோ, காய்ந்த ஸாத்தர் இலையோடு எள்ளும் ஸுமாக்கும் கலந்த பொடியை எண்ணெயில் குழைத்து ரொட்டி மாவின் மேல் தடவிச் சுடுவார்கள். 'மனூஷே' என்ற இந்தப் பலகாரத்தை 2023-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. இட்லி மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெய் விடும் நமக்கு இதன் ருசியை விளக்க வேண்டியதில்லை!

இவ்வளவும் அந்த ஒரு டின்னை நம்பி நடக்கிறது. ஆலிவ் மரமோ ஒரு வருஷம் கொட்டிக் கொடுக்கும். மறு வருஷம் கையை விரித்துவிடும். 2019 முதல் அந்த நாட்டு நாணயம் சரிந்து, மதிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் போயிற்று. வங்கியில் போட்ட பணத்தைக்கூட ஜனங்களால் எடுக்க முடியவில்லை. மாமிசம் எட்டாத பொருளாகிவிட்ட வீடுகளில் பயறும் எண்ணெயும்தான் மானத்தைக் காப்பாற்றின.

தெற்கே இஸ்ரேல் எல்லையோரக் கிராமங்களுக்கு அந்த ஆறுதலும் இல்லாமற் போயிற்று. 2023 அக்டோபரில், சரியாகக் காய் பறிக்கும் பருவத்தில், அங்கே சண்டை மூண்டது. அந்த வருஷமும் 2024-லும் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் தோப்புக்குள் காலெடுத்து வைக்க முடியவில்லை. காய் மரத்திலேயே வாடி உதிர்ந்தது, தோப்புகள் தீப்பிடித்தன. வீடு இடிந்தால் ஒரு வருஷத்தில் எழுப்பிவிடலாம். ஆலிவ் கன்று நட்டால், நாலு காய் பார்க்கவே நாலைந்து வருஷம் ஆகும். தாத்தா மரம் கொடுத்ததைப் போலக் கொடுக்கப் பேரன் காலம் ஆகிவிடும். மரம் போன வீட்டில் எண்ணெயை விலைக்கு வாங்கி ஊற்றும் கை எப்படித் தாராளமாக ஊற்றும்? சொல்லுங்கள்.

ஆகவே, நேயர்களே, ஒரு நாள் நீங்களும் பீன்ஸை இப்படிச் செய்து பாருங்கள். அவசரப்படாமல் ஆறவிடுங்கள். கிண்ணத்தின் அடியில் தங்கும் சிவந்த எண்ணெயை ரொட்டியாலோ சப்பாத்தியாலோ துடைத்துச் சாப்பிடாமல் எழுந்திருக்காதீர்கள். அங்கே யாரும் அதை வீணாக்குவதில்லை. சாப்பிடுகிறவர்களைப் பார்த்து அந்த வீட்டு அம்மாள் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "ஸஹ்தைன்!" இரட்டிப்பு ஆரோக்கியம் உண்டாகட்டும் என்று அர்த்தம். உங்களுக்கும் அதையே சொல்லி விடைபெறுகிறேன்.