கொட்டகை இல்லாத பத்மினி

அப்பாவின் பிரீமியர் பத்மினி எனக்கு வந்தது. அது நின்ற போர்ட்டிகோ வீட்டோடு அண்ணனுக்குப் போனது. தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் வந்த வாரிசுரிமைத் திருத்தங்களைப் பற்றிப் பேச்செடுத்தேன். "உனக்குத்தான் கார் குடுத்தாச்சே" என்றார்கள்.

இப்போது அது என் வாடகை வீட்டு வாசலில், திறந்தவெளியில் நிற்கிறது. பார்ப்பவர்களெல்லாம் தார்ப்பாய் போடச் சொல்கிறார்கள். தார்ப்பாய் மழையைத் தடுக்கும். தரையிலிருந்து எழும் ஈரத்தை உள்ளேயே அடைத்தும் வைக்கும். தகரம் வியர்த்து வியர்த்தே துருப்பிடிக்கும். பொத்திவைத்தால் பத்திரம் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்டபோதே நான் நம்பாத பேச்சு. காற்றுப் புகும் துணியுறைதான் போடுகிறேன். வெயில் நாளில் அதையும் எடுத்துவிடுவேன்.

சக்கரங்களுக்கு அடியில் கடப்பாக்கல். ஹேண்ட்பிரேக்கைப் போட்டே வைத்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் முட்டுக்கல்தான். ஐப்பசிக்கு முன்னால் கதவுகளின் அடியிலுள்ள துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிட வேண்டும். நீர் வடியாவிட்டால் கதவு உள்ளிருந்தே அரிக்கும். வேம்பின் நிழல் ஆசைகாட்டும். காக்கை எச்சம் பெயின்டைத் தின்றுவிடும்.

மெக்கானிக் இன்னமும், "சாரை ஒரு தடவ வரச்சொல்லுங்க மேடம்" என்கிறார். சார் என்று யாரும் இல்லை.

தீக்குளித்ததாகக் கதை சொல்லும் சித்தோர் ராணியின் பெயர் இந்தக் காருக்கு. அம்மாவுக்கோ பத்மினி என்றால் நாட்டியப் பேரொளிதான். அப்பா இருந்தவரை அம்மா பின்சீட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டரி இறங்காமலிருக்க அரைமணி நேரம் ஓட்டுகிறேன். முன்சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை ஒட்டிய கியரை நான் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டே வருகிறாள். "இன்னுங் கொஞ்ச தூரம் போ" என்கிறாள்.